மூன்றும் ஐந்தும் எட்டு

எனக்கு மெதுவாகப் பேச வராது. அவனியாபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் சோதனைக்காக ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் மோட்டார், சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு கேட் செய்கிறவரின் கிரைண்டிங் மெஷின். இதற்கு நடுவில் நின்றுகொண்டு வாடிக்கையாளரிடம் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்ல வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். கத்திக் கத்தி அந்தக் குரலே நிலைத்துவிட்டது. வில்லாபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்து ‘கொஞ்சம் ரசம் ஊத்து’ என்றால் தெருவில் போகிறவர் யாரைத் திட்டுகிறான் என்று எட்டிப் பார்ப்பார். என் மனைவிக்கு அது பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் பழகிவிட்டது. என் தங்கை மகளுக்கு மட்டும் பழகவில்லை.

அவளுக்கு அப்போது மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. என் பைக் வாசலில் நிற்கும்போதே அவள் உதடு பிதுங்க ஆரம்பிக்கும். நான் செருப்பைக் கழற்றி உள்ளே நுழைந்து ‘என்னடா பாப்பா’ என்பதற்குள் அழுகை வீட்டை நிறைத்துவிடும். பிஸ்கட் வாங்கிப் போனேன், பொம்மை வாங்கிப் போனேன், மீசையைக்கூடக் குறைத்துப் பார்த்தேன். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு அழுவாள். அவ்வளவுதான் முன்னேற்றம்.

“வாடிவாசல்ல மாடு வந்த மாதிரி உள்ள வாரீங்க. பச்சப்புள்ள அழுகாம என்ன செய்யும்?” என்பாள் என் மனைவி.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு விட்டுவிடக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது, காதுகுத்துக்கு நாள் குறிக்கும் வரை. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதான். பிள்ளைக்கு மொட்டை எடுப்பதும் மாமன் மடியில், காது குத்துவதும் மாமன் மடியில். மற்றபடி ஆயிரம் பேர் வரலாம், பந்தல் போடலாம், கிடா வெட்டலாம். தாய்மாமன் மடியில் பிள்ளை உட்காரவில்லை என்றால் அந்தக் காதுகுத்தைப் பற்றி ஊர் வேறு மாதிரி பேசும். என்னைக் கண்டாலே ஓடுகிற பிள்ளை என் மடியில் எப்படி உட்காரும்?

தங்கை நேரடியாகவே சொன்னாள். “அண்ணே, நீ ஏதாச்சும் பண்ணு. அன்னைக்கு அத்தன பேருக்கு முன்னாடி அவ ஒன் மடிய விட்டு எறங்கி ஓடுனா எனக்குத் தாங்காது.”

அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மனுஷர் தங்கமானவர். யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். அதனால்தான் அவர் சொன்னது எனக்கு அப்படி வலித்தது. “மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க சித்தப்பா மகன் இருக்காருல்ல, செல்போன் கடை வச்சிருக்காரே, அவரப் பாத்தா பாப்பா சிரிக்கிது. வேணும்னா மொட்டைக்கு மட்டும் அவரு மடியில ஒக்கார வச்சுக்குவமா? அவரும் மாமன்தான.”

கூடப்பிறந்தவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது வேறொருவன் மடியா? கோபம் வந்தது. ஆனால் கத்தவில்லை. கத்தினால் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து அழும், அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும். “பாப்பம் மாப்ள” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் அப்பா அம்மா இல்லாத வீட்டில் இவளை நான்தான் கட்டிக்கொடுத்தேன். அவள் மகளுக்கு நான் பூச்சாண்டி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது வாசல் படியோடு நின்றுகொண்டேன். உள்ளே போனால்தானே அழுவாள். ஜன்னல் வழியாக அவள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விமானம் வந்தது. ஏர்போர்ட்டில் இறங்கும் விமானங்கள் அந்த வீட்டுக்கு மேலேதான் தாழப் பறந்து போகும். சத்தம் முதலில் எங்கோ தொலைவில் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் அலமாரியில் இருக்கும் டம்ளர் அதிரும். பிள்ளை அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினாள். பயம் துளியும் இல்லை. அது போன கையோடு அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. துள்ளி எழுந்து ‘வீல்’ என்றாள்.

சிறிது நேரத்தில் கரண்ட் போனது. நானும் தங்கையும் ஒரே நேரத்தில் சலித்துக்கொண்டோம். பிள்ளை மட்டும் பாயில் மல்லாந்து படுத்து மின்விசிறியையே பார்த்தாள். அது வேகம் குறைந்து, இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்து, இன்னும் குறைந்து, கடைசியாக ஒரு சுற்றுக்கு மனமில்லாமல் நின்றது. அவள் கைதட்டினாள்.

“கரண்டு போனா இவளுக்கு மட்டும் கொண்டாட்டம்ணே” என்றாள் தங்கை.

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. இவளுக்குச் சத்தம் பயம் இல்லை. திடீரென்று வருவதுதான் பயம். விமானத்தைவிட நான் பெரிய சத்தம் இல்லை, ஆனால் நான் விமானம் மாதிரி தொலைவிலிருந்து வருவதில்லை, குக்கர் மாதிரி வருகிறேன். அப்படியென்றால் மெதுவாகத் தொடங்கி மெதுவாக ஏறுகிற ஒன்றை என் பக்கத்தில் வைத்தால்? ஒரு காற்றாடி. அதற்கு நடுவில் ஒரு விளக்கு. விளக்கு தெரிந்தும் தெரியாமலும் எரியத் தொடங்கி, காற்றாடி ஒவ்வொரு இதழாகச் சுற்றத் தொடங்கி, இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து அடங்க வேண்டும். அதைப் பார்க்க அவள் என்னிடம்தான் வர வேண்டும்.

“அதுக்கு ஃபேன் ரெகுலேட்டர வச்சுத் திருகுனாப் போதாதா?” என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் விழா அன்று என் இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்திருக்குமே, யார் திருகுவது? பட்டனை ஒருமுறை தட்டினால் மீதியைத் தானே பார்த்துக்கொள்கிற ஒன்று வேண்டும்.

டவுன்ஹால் ரோடு பக்கம் சின்னச் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் மொய்க்கும் இடம். அங்கே போய், யூடியூபில் பார்த்து வைத்திருந்த நீல நிற மைக்ரோகன்ட்ரோலர் போர்டைக் கேட்டேன். நாம் எழுதி அனுப்பும் கட்டளைப்படி நடக்கும், உள்ளங்கையில் அடங்கும் பலகை, ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

“புராஜெக்டாண்ணே? எந்தக் காலேஜு பையன்?” என்றார் கடைக்காரர்.

“காதுகுத்துக்கு” என்றேன்.

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல்தான் தெரியுமே.

மோட்டார் என்பது எனக்குச் சோறு போடும் தொழில். அதனால் இந்தப் பலகை எப்படி வேகத்தைக் குறைக்கிறது என்று படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அது குறைத்துக் கொடுப்பதே இல்லை. முழு மின்சாரத்தையும் கொடுக்கிறது, நிறுத்துகிறது, மறுபடி கொடுக்கிறது, மறுபடி நிறுத்துகிறது. ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை. கொடுக்கிற நேரம் கொஞ்சமாகவும் நிறுத்துகிற நேரம் அதிகமாகவும் இருந்தால் விளக்கு மங்கலாக எரிவதாக நம் கண் எடுத்துக்கொள்கிறது. கொடுக்கிற நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வெளிச்சம் ஏறுகிறது. என் பட்டறையில் யாராவது சுவிட்சை இப்படிப் போட்டுப் போட்டு நிறுத்தினால் கையைத் தட்டிவிடுவேன். இதைத்தான் பி.டபிள்யூ.எம். என்கிறார்கள். தமிழில் துடிப்பகலப் பண்பேற்றம் என்று பெயராம். மனைவியிடம் சொன்னேன்.

“ஏதோ யாகத்துக்குப் பேரு மாதிரி இருக்கு. அய்யர வரச் சொல்லணுமா?” என்றாள்.

எல்லா எண்ணுக்கும் இந்த வித்தை தெரியாது. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அலைக்குறி போட்ட ஓட்டைகளுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று, ஐந்து, ஆறு என்று சில. மற்ற எண்களுக்கு எரியத் தெரியும், அணையத் தெரியும், நடுவில் நிற்கத் தெரியாது. நான் காற்றாடி மோட்டாரை மூன்றிலும் விளக்கை ஐந்திலும் இணைத்தேன். பலகையிலிருந்து நேரடியாக மோட்டாருக்குக் கொடுத்தால் பலகை கருகிவிடும் என்பதால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர். மோட்டார், ஓடாமல் போன ஒரு சிடி பிளேயரிலிருந்து கழற்றியது. காற்றாடிக்கு வண்ணக் காகிதத்தை மனைவி வெட்டிக்கொடுத்தாள். என்னைக் கேலி செய்துகொண்டே ஒவ்வொரு இதழாக ஒட்டியதும் அவள்தான். எல்லாவற்றையும் பேட்டரியோடு சேர்த்து ஒரு சின்னப் பெட்டியில் பொருத்தினேன்.

நிரலை எழுதுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. பூச்சியத்தில் தொடங்கு, கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் பொறு, மறுபடி கூட்டு. இருநூற்று ஐம்பத்தைந்து, அதாவது முழு அளவு, வந்ததும் அதேபோல் இறங்கு. இவ்வளவுதான். பழைய லேப்டாப்பில் அதைத் தட்டி, பலகைக்கு அனுப்பி, பட்டனை அழுத்தினேன். விளக்கு வந்தது. எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாமல் வந்தது. காகித இதழ்களுக்குள் மஞ்சளாக ஊறி, நிறைந்து, அப்படியே அடங்கியது. மனைவி கேலி எதுவும் சொல்லாமல் ‘இன்னொருக்கா போடுங்க’ என்றாள்.

காற்றாடிதான் மக்கர் செய்தது. தொடக்கத்தில் சுற்றாமல் கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. பிறகு திடுமென்று நகர்ந்தது. மோட்டார் பாஷை எனக்குப் புரியும். நிற்கிற மோட்டாரை நகர்த்தக் கொஞ்சம் கூடுதல் விசை வேண்டும், அதற்குக் குறைவாகக் கொடுத்தால் முனகத்தான் செய்யும். அது நகரத் தொடங்கும் எண் எது என்று கூட்டியும் குறைத்தும் பார்த்துக் கண்டுபிடித்து, அங்கிருந்தே ஏற்றச் சொன்னேன். அதன் பிறகு காற்றாடி, கோயில் வாசலில் பூக்காரம்மா சரத்தை அளப்பது போல அவசரமே இல்லாமல் சுற்ற ஆரம்பித்தது.

முதல் ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனபோது மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “வாயவே தொறக்கக் கூடாது.” பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனேன். கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியை எனக்கு முன்னால் வைத்து, பட்டனைத் தட்டினேன். பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது. விளக்கு ஏறியது. உதடு அப்படியே நின்றது. காற்றாடி சுற்ற ஆரம்பித்ததும் கதவை விட்டு ஓர் அடி வெளியே வந்தாள். அடங்கியதும் கைதட்டினாள். எனக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்து, “புடிச்சிருக்கா தாயி?” என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றைய கதை அதோடு முடிந்தது. தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் நான் ஊமைதான். போவேன், உட்காருவேன், பட்டனைத் தட்டுவேன். பிள்ளை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கிட்டே வந்தாள். கொஞ்ச நாளில் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பிறகு எட்டிப் பார்க்க வசதியாக என் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்தக் கை என் முழங்காலில் இருந்த நேரம் முழுதும் நான் மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். ஆனால் மடிக்கு மட்டும் வரவில்லை. தங்கை மெதுவாகத் தூக்கி என் மடியில் வைத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். பயந்து ஓடவில்லை, இறங்கி மறுபடி முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள். காதுகுத்து நாள் வந்துவிட்டது.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தங்கை வீட்டில் உறவுக்காரர்கள் நிரம்பியிருந்தார்கள். மறுநாள் காலையில் எல்லோரும் மேற்கே எங்கள் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும். வெடி, மேளம் எல்லாம் காது குத்தி முடிந்த பிறகுதான் என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டதால் மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் கொஞ்சம் முறைப்பாக இருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து வயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளைக்கு நியூமராலஜியில் நம்பிக்கை உண்டு என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகும். ஆட்டோ வாங்கியபோது நல்ல கூட்டுத்தொகை வரும் நம்பர் கிடைக்கும் வரை வண்டியை ஷோரூமை விட்டு வெளியே எடுக்கவில்லை. போன் நம்பரும் அப்படித்தான். பிள்ளை பெயரை இங்கிலீஷில் எழுதும்போது தேவையில்லாமல் இரண்டு எழுத்து வரும், அவை அவர் சேர்த்தவை. எட்டு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. ஆட்டோவில் ஏழு பேர் ஏறிவிட்டால் எட்டாவதாக வருகிறவரை ஏற்றமாட்டார். போலீசுக்குப் பயந்து என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

“மச்சான், இந்த ஒயரு மூணுல சொருகியிருக்கு” என்றார்.

“ஆமா மாப்ள.”

“இது அஞ்சுல.”

“ஆமா.”

“மூணும் அஞ்சும்?”

எனக்குப் புரிந்துவிட்டது. “அது ஓட்டைக்கு நம்பர் மாப்ள. வண்டிக்கு நம்பர் இல்ல.”

“இருக்கட்டும் மச்சான். புள்ளைக்கு மொத நல்ல காரியம். எட்ட முன்னாடி வச்சுக்கிட்டு ஒக்காரணுமா? மூண நாலாக்கிட்டா ஒம்பது வந்துரும்ல. ஒம்பது அம்புட்டு விசேஷம்.”

அடுப்படி வாசலில் நின்ற தங்கை என்னைப் பார்த்தாள். மறுத்துப் பேசிவிடாதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். விசேஷ வீட்டில் மாப்பிள்ளை ஆசையாகக் கேட்கிறதைத் தட்டிவிட்டு மைத்துனன் நிம்மதியாக இருந்துவிட முடியாது. சித்தப்பா மகன் பேச்சை அவர் மறுபடி எடுக்காமல் இருந்ததற்கும் நான் நன்றி காட்ட வேண்டியிருந்தது. ஓர் எண்தானே? லேப்டாப்பைத் திறந்து மூன்றை நான்காக்கி, பலகைக்கு அனுப்பி, வயரையும் மாற்றிச் சொருகினேன். பட்டனைத் தட்டினேன். விளக்கு மெதுவாக ஏற ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து, சமையல் பாத்திரம் ஏற்றிய வண்டி வாசலில் வந்து நின்றது. யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். விளக்கு ஏறுகிறதே, போதும் என்று அணைத்துவிட்டு அண்டாவைப் பிடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் விடியும்போதே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மாலையும் மல்லிகையும் வாங்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். வயல்களுக்கு நடுவில் வேப்பமரங்கள் சூழ்ந்த இடம். அடுப்புகள் புகைந்துகொண்டிருந்தன. மரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். நாவிதர் கிண்ணத்தில் தண்ணீரோடு ஒரு பக்கம், ஆசாரி தங்கக் கம்பியோடு இன்னொரு பக்கம். தங்கை வீட்டிலிருந்து வந்திருந்த பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு புது வேட்டியில் நான் நடுவில் உட்கார்ந்தேன். சுற்றி இரண்டு வீட்டுச் சனமும் நின்றது. சித்தப்பா மகனும் வெள்ளைச் சட்டையில் நின்றான். பாவம், அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அவன் நிற்கிற இடம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

தங்கை பிள்ளையைத் தூக்கி வந்தாள். அத்தனை முகங்களைப் பார்த்து உதடு பிதுங்கத் தொடங்கிய பிள்ளை, எனக்கு முன்னால் இருந்த பெட்டியைப் பார்த்ததும் தானாகவே இடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டாள். நடந்து வந்து என் முழங்காலில் கையை வைத்து நின்றாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. எல்லோரும் மடிக்காகக் காத்திருந்தார்கள். நான் பட்டனைத் தட்டினேன்.

விளக்கு ஏறியது. வழக்கமாக இந்நேரம் காற்றாடி நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. பிள்ளை குனிந்து பார்த்தாள். நானும் குனிந்தேன். விளக்கு இன்னும் ஏறியது. காற்றாடி சிலை மாதிரி நின்றது. பிள்ளை இன்னும் கொஞ்சம் குனிந்து, மூக்கு இதழில் படுகிற அளவுக்குப் போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்குக்குப் பக்கத்தில் அலைக்குறி இல்லையே. அலைக்குறி இல்லாத ஓட்டையிடம் பாதிக்குக் கீழே எவ்வளவு கேட்டாலும் ஒன்றும் தராது. பாதியைத் தாண்டினால் முழுதையும் ஒரேயடியாகத் தூக்கிக் கொடுக்கும். விளக்கு பாதி வெளிச்சத்துக்கு வந்திருந்தது. அணைக்கக் கையை நீட்டினேன். பிள்ளை குறுக்கே குனிந்திருந்ததால் எட்டவில்லை.

சர்ர்ர் என்று ஒரு சத்தம். காற்றாடி நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்குப் போய், ஓர் இதழ் பிய்த்துக்கொண்டு நாவிதர் கிண்ணத்தில் போய் விழுந்தது. முடிந்தது என்று நினைத்தேன். இந்த வாரங்கள் எல்லாம் போச்சு, மடி போச்சு, மாமன் போச்சு. கண்ணை மூடிக்கொண்டேன்.

நெஞ்சில் எதுவோ வந்து மோதியது. கண்ணைத் திறந்தால், பிள்ளை என் மேல் இருந்தாள். இரண்டு கையாலும் என் சட்டையை அள்ளிப் பிடித்து, முகத்தை என் நெஞ்சுக்குள் புதைத்து, காலை மடக்கி என் மடியில் ஒடுங்கியிருந்தாள். எதைக் கண்டு பயந்தாலும் அம்மாவிடம் ஓடுகிறவள், அம்மா நான்கு அடி தள்ளி நிற்கும்போது என்னிடம் வந்திருந்தாள். அழவில்லை. அவள் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் வயிற்றில் தெரிந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. மனைவி கூட்டத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சை மட்டும் முதலில் விட்டேன். அந்த மூச்சுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை ஏற்றினேன். “ஒண்ணுமில்ல தாயி. மாமன் இருக்கேன்ல.” எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது. சட்டையைப் பிடித்த கை கொஞ்சம் தளர்ந்தது, விடவில்லை.

“அப்படியே புடிச்சுக்கங்கண்ணே, அசையாதீங்க” என்று நாவிதர் வேலையை ஆரம்பித்துவிட்டார். முடி என் புதுச் சட்டை முழுதும் விழுந்தது. குளிப்பாட்டிச் சந்தனம் பூசிக் கொண்டுவந்து மறுபடி உட்கார வைத்தபோதும் அவள் என் மடியிலேயே இருந்தாள். ஆசாரி காதில் கம்பியை ஏற்றியதும் போட்ட அலறல் விமானத்துக்கே கேட்டிருக்கும். ஆனால் அந்த அலறலையும் என் தோளுக்குள்தான் அலறினாள். அப்போது நான் அழுதுவிட்டேன். வெளிப்படையாக, இரண்டு வீட்டுச் சனத்துக்கும் முன்னால், மூக்கு ஒழுக அழுதேன். தங்கையும் அழுதாள். பிறகு மேளம் தொடங்கியது, இளவட்டங்கள் வெடியைப் போட்டார்கள், பிள்ளை அதற்கும் என் சட்டையைத்தான் பிடித்தாள்.

பந்தியில் மாப்பிள்ளை எனக்குக் கறியை அள்ளி வைத்துக்கொண்டே கிட்டே குனிந்தார். முகமெல்லாம் பெருமை. “பாத்தீங்களா மச்சான். ஒம்பது.”

அலைக்குறியைப் பற்றி, பாதியைப் பற்றி, நான்காம் எண்ணுக்கு என்ன தெரியும் என்ன தெரியாது என்பதைப் பற்றி அவருக்கு விளக்கலாம் என்று வாயெடுத்தேன். எந்த இடத்தில் தொடங்கினாலும் கடைசியில் அவர் சொன்னதுதான் சரி என்று முடிந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயரை ஒழுங்காக மூன்றுக்கு மாற்றி, பிய்ந்த இதழை ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். மொட்டைத் தலையும் காதில் கம்பியுமாக ஓடி வந்தாள். தானாக ஏறி மடியில் உட்கார்ந்தாள். பட்டனைத் தட்டினேன். விளக்கு ஏறியது, காற்றாடி அவசரமில்லாமல் சுற்றியது, எல்லாம் நான் முதலில் ஆசைப்பட்டபடியே நடந்தது. அவள் காற்றாடியைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஏமாந்துபோன முகம்.

“மாமா, சர்ர்ரு?” என்றாள்.

லேப்டாப் கையில் இல்லை. அடுத்த வாரம் கொண்டுபோய் நான்குக்கே மாற்றினேன். இப்போது எங்களுக்குள் அதுதான் விளையாட்டு. அவள் மடியில் ஏறுவாள். விளக்கு வெளிச்சம் பிடிக்கத் தொடங்கியதுமே என் சட்டையை இரண்டு கையாலும் அள்ளிக்கொள்வாள். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். காற்றாடி நிற்கும், விளக்கு ஏறும், வரப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். சர்ர்ர் என்றதும் என் நெஞ்சில் முட்டிக்கொண்டு சிரிப்பாள். பிறகு, “இன்னொருக்கா.”

போன வாரம் ஆட்டோவை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை உள்ளே வந்தார். நாங்கள் பாதி வெளிச்சத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். பெட்டியை எட்டிப் பார்த்து வயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று சரிபார்த்துக்கொண்டார்.

“ஒம்பத மட்டும் மாத்திராதீங்க மச்சான்” என்றார்.

பிள்ளையின் கை என் சட்டையில் இறுகியிருந்தது.

“மாத்த மாட்டேன் மாப்ள” என்றேன், மெதுவாக.